நுண்ணுயிர் செய்தால் சுத்தமாகிவிடுமா?

"நிலக்கரிப் படுகை மீத்தேனைப் பார்த்து ஏன் பயம்? அதை உண்டாக்குவதே நுண்ணுயிர்கள்தான், சுத்தமான இயற்கை வாயு" என்று எங்கள் மேலூர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் போட்டிருந்தார். பாதி சரி. மீதிப் பாதியில்தான் எனக்கு வழக்கு.

தண்ணீர் ஊறிய, சூடு அதிகமில்லாத கரிப்படுகைகளில் பிராணவாயு இல்லாமலே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒரு கூட்டம் கரியின் பெரிய மூலக்கூறுகளை அசிட்டேட், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று உடைத்துப் போடும். அதைத் தின்று மீத்தேனை விடுவது ஆர்க்கியா என்ற இன்னொரு கூட்டம். பார்க்க பாக்டீரியா மாதிரி இருந்தாலும் இது தனி வம்சம் என்று 1977-ல் கார்ல் வோஸ் கண்டு சொன்னார். 2016-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் ஆச்சரியம்: யாரும் உடைத்துக் கொடுக்காமலே, கரியில் உள்ள மெத்தாக்சி சேர்மங்களை நேரடியாக மீத்தேனாக்கும் ஆர்க்கியாவும் உண்டு. அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகை வாயு பெரும்பாலும் நுண்ணுயிர் வேலைதான். (எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆழத்தில் வெறும் வெப்பத்தால் உண்டானதும் நிறைய இருக்கிறது.)

எங்கள் கொல்லைப்புறத்துச் சாண எரிவாயுக் கலத்திலும் இதே வம்சம்தான். காலையில் சாணத்தைக் கரைத்து ஊற்றினால், வாயு சேரச் சேர இரும்பு டிரம் மெல்ல மேலே எழும்பும். ஆனால் மாடு தின்ற வைக்கோல், போன போகத்தில் காற்றிலிருந்து கார்பனை இழுத்து வளர்ந்தது. எரித்தால் அது காற்றுக்கே திரும்புகிறது, கணக்கு நேர். நிலக்கரியில் இருப்பதோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன கார்பன். அதை மீத்தேனாக்கியது யாராக இருந்தால் என்ன, எரித்தால் புதுச் சுமைதான். எரியாமல் கசிந்தால் இன்னும் மோசம்: நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும்.

அப்புறம் தண்ணீர். கரியின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் வாயுவை அமுக்கி வைத்திருப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். அதை மாதக்கணக்கில் இறைத்துக் கொட்டினால்தான் வாயு வரும். பல இடங்களில் அது உப்புத் தண்ணீர் வேறு. நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க வந்த மன்னார்குடித் திட்டத்தை டெல்டா விவசாயிகள் எதிர்த்ததில் இந்தப் பயம் பெரியது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டமே போட வேண்டி வந்தது. மதுரையைச் சுற்றிக் கடினப்பாறை, இங்கே நிலக்கரி கிடையாது என்பது உண்மைதான். அதற்காக, நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நடந்த நாம் மன்னார்குடியை அடுத்தவன் பாடு என்று விடலாமா?

இப்போது கரிப்படுகைக்குள்ளே சத்துகளைச் செலுத்தி நுண்ணுயிர்களை முடுக்கிவிடவும் ஆராய்ச்சி நடக்கிறது. நுண்ணுயிருக்குத் தீனி போட அவ்வளவு ஆசை என்றால் எங்கள் பக்கம் தொழுவத்துக்குத் தொழுவம் சாணம் குவிந்திருக்கிறது. துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கலங்களுக்கு டிரம் மாற்ற மானியம் கொடுங்கள்.