வெள்ளப்பாதையைப் பச்சையில் எழுதுங்கள்

நகரங்களின் நிலப் பயன்பாட்டு வரைபடங்களில் பொதுவாக மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் திறந்தவெளி. அந்த வரைபடத்தை எடுத்து, அதே ஊரின் வெள்ள அபாய வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஆற்றோரத்தில் எத்தனை இடங்களில் நீலத்தின்மேல் மஞ்சள் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும். இரண்டையும் வெளியிட்டது அரசாங்கம்தான். ஓர் அலுவலகம் இங்கே தண்ணீர் வரும் என்கிறது. அடுத்த மாடியில் இருக்கும் அலுவலகம் இங்கே வீடு கட்டலாம் என்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. வீடும் வரும், தண்ணீரும் வரும்.

நான் சொல்ல வருவது இதுதான்: வெள்ளப்பாதையைக் காக்கும் வேலையைக் கட்டட அனுமதி விதிகளிடம் விட்டுவைக்கக் கூடாது. நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையே திருத்தி, அந்த நிலம் திறந்தவெளி என்று எழுதிவிட வேண்டும். 'கட்டலாம், ஆனால்...' என்று தொடங்கும் எந்த விதியும் ஆற்றோரத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

ஆறு பெருகும்போது பரவுகிற நிலம் முழுவதும் வெள்ளச் சமவெளி. அதன் ஓரங்களில் தண்ணீர் தேங்கி நின்று மெல்ல வடியும். நடுவில், ஆற்றையும் அதை ஒட்டிய நிலத்தையும் சேர்த்து, தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும் பகுதிதான் வெள்ளப்பாதை. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இதைக் கோடு போட்டே காட்டுகிறது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் வருவதாக வைத்துக்கொள்கிறார்கள். ஓரங்களை முழுவதும் மேடாக்கிவிட்டாலும், அந்த வெள்ளம் நீர்மட்டத்தை ஓர் அடிக்குமேல் உயர்த்தாமல் கடந்துபோக எவ்வளவு அகலம் வேண்டுமோ அதுதான் கணக்கு. நூற்றில் ஒரு பங்குதானே என்று நினைக்க வேண்டாம். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வந்துவிடுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்.

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தலைக்குக் கீழே இருக்கும்வரை சாணுக்கும் முழத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வாசற்படியோடு நின்றுவிடும் தண்ணீருக்கும் கட்டில் விளிம்பைத் தொடும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்தான். ஓர் அடி உயர்வை விதியே அனுமதிப்பது எனக்குத் தாராளமாகத்தான் படுகிறது. அதற்கும் மேலே விதிவிலக்கு கேட்டு வருகிறவர்களை என்ன சொல்வது?

ஒரு மனையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். வாங்கியவர் லாரி லாரியாக மண் கொட்டி மூன்றடி மேடாக்குகிறார். சுற்றிலும் மதில் எழுப்புகிறார். தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் நியாயமான ஆசைதான். ஆனால் அந்த மண் பிடித்துக்கொண்ட இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் இப்போது பக்கத்து மனைக்குப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு நான்கடி மேடாக்குகிறார். மதில் இன்னும் மோசம். வெள்ளத்தோடு வரும் ஆகாயத்தாமரை, முறிந்த கிளை, பிளாஸ்டிக் குப்பை எல்லாம் இரும்புக் கதவின் கம்பிகளில் அப்பிக்கொள்கின்றன. சிறிது நேரத்தில் கதவும் சுவராகிவிடுகிறது. மதிலுக்கு ஒருபுறம் இடுப்பளவு தண்ணீர், மறுபுறம் கணுக்கால் அளவு. செங்கல் மதில் அந்த அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. அது சரியும்போது, அதுவரை மெல்ல ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் போகிறது. கீழே இருக்கும் வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறக்கூட நேரம் இருக்காது.

அனுமதி என்பது ஒவ்வொரு கோப்பாகத் தரப்படுவது. 'இந்தக் கட்டடத்தால் நீர்மட்டம் உயராது' என்று ஒரு பொறியாளர் சான்றிதழ் தருகிறார். அந்த ஒரு கட்டடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விரல் நகம் அளவு உயர்வைக் கணிப்பொறி பூஜ்யம் என்றே காட்டும். ஆறு அப்படிக் கோப்பு கோப்பாகப் பார்ப்பதில்லை, கூட்டிப் பார்க்கிறது. குற்றமற்ற நூறு கோப்புகள் சேர்ந்து ஒரு பேட்டையையே மூழ்கடிக்கின்றன. பிறகு விசாரணைக் குழு அமைத்தால் ஒருவர்மீதும் குற்றம் காண முடியாது. எப்படிக் கட்டலாம் என்பதை விதிகள் சொல்கின்றன. இந்த நிலம் எதற்கு என்பதைத் திட்டம்தான் சொல்ல முடியும். நிலம் எதற்கு என்ற முதற்கேள்விக்கே போகாமல், எப்படிக் கட்டலாம் என்ற இரண்டாவது கேள்வியோடு மல்லுக்கட்டுவதுதான் நம் நகரசபைகளின் வழக்கம்.

இதைச் செய்து காட்டிய ஊர்கள் இருக்கின்றன. 1972 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், ராப்பிட் சிட்டிக்கு மேலே இருக்கும் மலைகளில் சில இடங்களில் ஆறு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 15 அங்குல மழை கொட்டியது. கேன்யன் ஏரி அணை இரவில் உடைந்தது. 238 பேர் இறந்தார்கள். இத்தகைய நேரத்தில் 'இருந்த இடத்திலேயே மீண்டும் கட்டித் தருவோம்' என்று அறிவித்துக் கைதட்டு வாங்குவதுதான் எந்தத் தலைவருக்கும் எளிது. அந்த நகரம் அதைச் செய்யவில்லை. மத்திய அரசின் நிதியைக் கொண்டு கரையோர நிலங்களை வாங்கி, அங்கிருந்தவர்களை வேறிடங்களுக்கு மாற்றி, ஊருக்குள் ஓடும் ராப்பிட் ஓடையின் இருபுறத்தையும் பசுமைப் பகுதியாக விட்டது. இன்று அங்கே பூங்கா, விளையாட்டுத் திடல், மிதிவண்டிப் பாதை, கோல்ஃப் மைதானம் எல்லாம் இருக்கின்றன. பொது நிலத்தில் கோல்ஃப் மைதானம் என்பது எனக்கு உவப்பான யோசனை அல்ல. ஆனாலும் இரவில் வெள்ளம் புகுந்தால் அங்கே தூக்கத்தில் சாக ஆள் இருக்காது.

இப்படி முடிவெடுக்க 238 பேர் சாக வேண்டுமா என்றால், வேண்டாம். பாஸ்டன் நகருக்கு மேலே சார்ல்ஸ் ஆற்றுப் படுகையில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1970களில் ஆய்வு செய்தது. அணையும் கரையும் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட அமைப்பு அது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த சதுப்பு நிலங்களே வெள்ளத்தைத் தாங்கிப் பிடித்து மெல்ல விடுகின்றன என்று தெரிந்தது. அவற்றை அப்படியே காப்பது புதிதாக ஏதாவது கட்டுவதைவிட மலிவு என்ற முடிவுக்கு வந்து, ஏறக்குறைய 8,000 ஏக்கரில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கினார்கள், மீதியைக் கட்டாமல் விடும் உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பெற்றார்கள். கான்கிரீட்காரர்களே கான்கிரீட் வேண்டாம் என்று சொன்ன அபூர்வமான கதை.

அணையும் கரையும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைப் பார்க்கலாம். 1974 பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1980களில் வைவன்ஹோ அணை கட்டி முடிக்கப்பட்டது. இனி பயமில்லை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வந்தது. தாழ்வான இடங்களில் வீடுகள் பெருகின. 2011 ஜனவரியில் நகரம் மீண்டும் மூழ்கியது. கரை உயர உயர அதன் பின்னால் குடியேற்றமும் பெருகி, கடைசியில் இழப்புதான் அதிகமாகிறது என்று கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1940களிலேயே எச்சரித்திருந்தார்.

இனி, பதில் சொல்லக் கடினமான கேள்விக்கு வருகிறேன். மஞ்சள் என்று நம்பிச் சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கியவரிடம் போய், இது இனி பச்சை என்றால் அவர் என்ன செய்வார்? வரைபடத்தில் நிறத்தை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது திருட்டுக்குச் சமம். தவறான நிறம் தீட்டியது அரசாங்கம். அதற்கான விலையையும் அரசாங்கம்தான் தர வேண்டும். நெதர்லாந்தில் 1995இல் ஆறுகள் பெருகியபோது ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகு கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைக் கையிலெடுத்தார்கள். நைமேகன் நகருக்கு எதிரே லென்ட் என்ற ஊரில் வால் ஆற்றின் கரை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தப்பட்டது. ஏறக்குறைய 50 வீடுகள் போயின. மக்கள் எதிர்த்தார்கள். பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இழப்பீடு கொடுத்துத்தான் நடந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளப்பாதையை மீட்கிறோம் என்றதும் முதலில் இடிபடுவது குடிசைகள்தான். அதே கரையில் நிற்கும் அடுக்குமாடிக்கோ மருத்துவமனைக்கோ 'வரன்முறைப்படுத்தல்' என்று ஒரு வழி கிடைத்துவிடும். அரசின் சொந்தப் பேருந்து நிலையத்தையும் அலுவலக வளாகத்தையும் யாரும் கேட்பதே இல்லை; பொது நோக்கம் என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். குடிசைவாசியை வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெகுதூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காலியான இடத்தில் சொகுசு நடைபாதை போடுவதற்கு ஆற்றின் பெயரைப் பயன்படுத்தாதீர்கள். கோடு ஒன்றுதான் என்றால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். முதலில் அரசு தன் கட்டடங்களிலிருந்து தொடங்கட்டும்.

நிலம் வீணாகிறது என்ற புலம்பலுக்கு நான் அதிக நேரம் தர மாட்டேன். விளையாட்டுத் திடலும் மேய்ச்சலும் காய்கறித் தோட்டமும் வீண் அல்ல. ஆண்டில் சில நாட்கள் தண்ணீர் நின்றால் அவை மீண்டுவிடும்.

திருத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆற்றங்கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று ஊர் முழுவதும் ஒரே அளவில் கோடு போடுவது சோம்பேறித்தனம். வளைவில் ஆறு விரியும், பாறையருகே ஒடுங்கும். நீர்மட்டத்தை வைத்துத்தான் கோடு வர வேண்டும். வாங்கிய நிலத்துக்கு நிரந்தரப் பூட்டு வேண்டும். அமெரிக்காவில் பேரிடர் நிதியில் வாங்கப்படும் வெள்ள நிலம் காலமெல்லாம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். பச்சையை மஞ்சளாக மாற்றும் அதிகாரம் ஒரு குழுவின் மாதாந்திரக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. வறண்ட பத்து ஆண்டுகள் போதும். வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள், புதிதாக வந்தவர்களுக்கு அது வெறும் காலி மனையாகத் தெரியும்.

வரைவுத் திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வெளியாகும்போது வண்ணப்படத்தோடு நின்றுவிடாதீர்கள். விதிமுறைப் பகுதியில் 'திறந்தவெளி' என்ற வகைக்குக் கீழே அனுமதிக்கப்படும் பயன்பாடுகளின் பட்டியல் இருக்கும். அதன் கடைசி வரியைப் படியுங்கள். 'உரிய அதிகாரியின் ஒப்புதலோடு பிற பயன்பாடுகள்' என்று இருந்தால், அந்த வரியை நீக்கச் சொல்லி ஆட்சேபணை மனு கொடுங்கள். கெடு முடிவதற்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.