97 வந்தால் மட்டும் போதாது

மேலே ஒரு அண்ணா, "விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கிளிப்பில் 97 சதவீதம் வந்தால் எல்லாம் சரி, தாதி கண்ணை இழுத்துப் பார்ப்பதெல்லாம் பழைய பழக்கம்" என்று எழுதியிருக்கிறார். தப்பு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். ஹீமோகுளோபினே பாதியாகக் குறைந்து சோகை வந்திருந்தாலும் 97 காட்டலாம். அதனால்தான் கீழ் இமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரலில் வெளுப்பு எங்கே தெரியப் போகிறது! இமையின் உட்புறம் சிவப்பாக இருந்தாலும் சோகை இல்லையென்று ஆகாது. சந்தேகமென்றால் இரத்தப் பரிசோதனைதான். அப்புறம், நுவரெலியாக் குளிரில் விறைத்த விரலில் எண் பிழையாகக் குறைந்தும் வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.