எண்ணூர் அமோனியா கசிவு: நஷ்டஈடு கேட்கக் காலம் முடிந்துவிடவில்லை

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததே, அதற்கு நஷ்டஈடு கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் போக 6 மாதம்தான் கெடு, அது எப்போதோ முடிந்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

6 மாதம் என்பது 2010 தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில், பொதுவான சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான 14-வது பிரிவுக்கு. பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீடு 15-வது பிரிவில் வருகிறது. அதற்கு 5 ஆண்டு. அதாவது 2028 டிசம்பர் வரை. விபத்து என்றால் நிறுவனத்தின் தவறை நாம் நிரூபிக்கவும் வேண்டாம், 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

இந்தக் குடும்பங்களுக்காக விடாமல் அலையும் வழக்கறிஞர் ஒருவர், ஒரு பாட்டியின் மஞ்சள் பையிலிருந்து கசங்கிய ஓ.பி. சீட்டை எடுத்து நீவி, தேதியைக் காட்டினார்: 27-12-2023. அந்தச் செய்தியை நம்பிப் பாட்டி அதைக் கிழித்துப்போட இருந்தாராம். சீட்டு, ஸ்கேன், மருந்து பில் எதையும் தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள்.