கட்டிலோரத்தில் சொல்லும் 'தேவ சித்தம்'

விபத்து, புற்றுநோய், பிள்ளையின் சாவு என்று கேள்விப்பட்டால் நம் சபைக்காரர்கள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். அந்த அன்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் போய் உட்கார்ந்த சூட்டோடு, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், இதிலும் கர்த்தருக்கு ஒரு திட்டம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. வசனம் சத்தியம். அந்த நேரத்தில் அதைச் சொல்ல நாம் யார்?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கேரளத்துக்காரர். 1954இல் கார் விபத்து. தண்டுவடம் அடிபட்டு கால்கள் செயலிழந்தன. முப்பது வயதுகூட ஆகவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட் அப்போது அங்கேதான் இருந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரியை அந்த வேலைக்குள் இழுத்தவர் அவர். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மேரி எத்தனையோ கைகளைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. முதுகெலும்பு உடைந்து, இனி அவ்வளவுதான் என்று வீட்டார் கைவிட்டவர்களும் எழுந்து உட்கார்ந்து, தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழகும் இடம். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

இதில் தேவனுடைய கரம் இருந்தது என்று நான் தயங்காமல் நம்புகிறேன். ஆனால் 1954க்கும் 1966க்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் கிடக்கிறது. (நம் சாட்சிக் கூட்டங்களில் இந்த நடுப்பகுதி மட்டும் எங்கே போகிறதோ!) மையம் வந்ததால் விபத்து நல்லதாகிவிடவும் இல்லை. 1986இல் அவர் இறக்கும்வரை கால்களுக்குச் செயல் திரும்பவில்லை.

பைபிளில் யோசேப்பும், தன்னைக் குழியில் போட்டு எகிப்துக்குப் போகும்படி விற்ற அண்ணன்மார் செய்ததைத் தீமை என்றேதான் சொன்னான். தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பதும் அவன் வாயிலிருந்தே வந்தது, அதுவும் அப்பா யாக்கோபை அடக்கம் பண்ணிய பிறகு. குழிக்குள் கிடந்தவனிடம் யாராவது எட்டிப் பார்த்து, "தம்பி, எகிப்தில் உனக்கு ஒரு திட்டம் இருக்கு" என்று சொல்லியிருந்தால்? பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பேச ஆரம்பித்தார்கள், கடைசியில் கர்த்தருக்கே அவர்கள்மேல் கோபம் வந்தது.

ராத்துணைக்கு ஒரு ஆள், வீட்டிலிருந்து கொஞ்சம் கஞ்சி, பில் கட்டும் வரிசையில் போய் நிற்பது. இதெல்லாம் நம்மால் முடியும். தேவ சித்தத்தைப் பற்றிக் கட்டிலில் கிடப்பவர் என்றைக்காவது தானாகப் பேசினால், அப்போது கேட்டுக்கொள்ளலாம்.