பெட்டைக்கோழி கூவினால் கத்தியைத் தேடாதீர்கள்

"பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப்போகுது?" என்று பெண்களின் வாயை அடைக்க நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சேவல் கூவினாலும் அதனால் விடிவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் பெட்டைக்கோழி நிஜமாகவே கூவும்.

அக்கா இருப்பது சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம், தரைவீடு. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் கோழிச்சோறு இனி கிடைக்குமா என்று ஊரே புலம்பியது நினைவிருக்கும். அப்போது அத்தானுக்கு வந்த ஆசைதான் பின்கட்டுக் கோழிகள். முட்டைக்காக மட்டும். வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் சொந்தத் தேவைக்குப் பத்து வரை வைத்துக்கொள்ளலாம். சத்தம் வேண்டாம் என்றுதான் சேவலே வாங்கவில்லை. அப்புறம் பார்த்தால் இருப்பதிலேயே மூத்த பெட்டை கூவ ஆரம்பித்துவிட்டது. கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, "கொக்கரக்..." வரை நன்றாக வரும். கடைசி "கோ" மட்டும் தொண்டை கட்டிய பாடகர் மாதிரி பாதியில் நின்றுவிடும்.

அக்காவின் மாமியார் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இத வச்சிருக்கக் கூடாதும்மா, வீட்டுக்கு ஆகாது. அறுத்துடுங்க."

இந்தப் பயம் நம்மிடம் மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1474ஆம் ஆண்டு முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு சேவலை விசாரித்து எரித்தே கொன்றிருக்கிறார்கள். சகுனம் பார்க்கிறவர்கள் யாரும் கோழியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. என் கோபமெல்லாம் அதற்காகத்தான்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது இன்னும் முட்டையிடுகிறதா? பெட்டைக்கு முட்டை உருவாகும் உறுப்பான சூலகம் இடப்பக்கத்தில் மட்டும்தான் வளர்ந்து வேலை செய்யும். வலப்பக்கத்தில் இருப்பது வளராமல் நின்றுபோனது. நோய்த்தொற்றோ கட்டியோ வந்து இடப்பக்கம் கெட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். அப்போது வலப்பக்கம் விதைப்பை போல வளர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கலாம். கொண்டை பெரிதாகும், காலில் முள் வளரும், அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவல் இறகு வரும். அந்தப் பளபளப்பான இறகுதான் கோழி இனத்தின் அடிப்படை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஈஸ்ட்ரோஜன் இருப்பதால்தான் பெட்டைக்கு அது வருவதில்லை. இப்படி மாறினாலும் மரபணுவில் அது பெட்டைதான். முட்டை நின்று, வயிறும் உப்பியிருந்தால் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அது நோயாளி, அபசகுனம் இல்லை.

அக்கா அதைத் தனியாகத் தடுத்து வைத்துப் பார்த்தாள். முட்டை வந்தது. அப்படியென்றால் விஷயம் எளிது. சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமை வகிக்கும் பெட்டை சில நேரம் சேவலின் வேலையையும் எடுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து கிடையாது. ஒரு சேவலைக் கொண்டுவந்து விட்டால் அடங்கிவிடும் என்று அத்தான் யோசனை சொன்னார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற யோசனை.

மிச்சம் இருப்பது சத்தம். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. கோழிக்கு உடம்புக்குள்ளேயே கடிகாரம் உண்டு. மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தாலும் சேவல்கள் விடியலை முன்கூட்டியே உணர்ந்து கூவுவதை ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அதனால் கூண்டை இருட்டாக்கினால் மட்டும் போதாது. அக்கா கூண்டை அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சுவரிலிருந்து எதிர்மூலைக்கு நகர்த்தி, மூன்று பக்கமும் கனமான துணி கட்டினாள். காற்றுக்கு மேலே இடைவெளி விட்டிருக்கிறாள். காலை ஏழரைக்குத்தான் திறப்பு. கூவாமல் இருக்கக் கழுத்தில் கட்டும் பட்டை விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் அதன் கழுத்தை இறுக்குவதா?

அதே நேரம், "இயற்கைதானே, பொறுத்துக்கொள்ளட்டும்" என்று பேசும் கோழிப் பிரியர்களையும் எனக்குப் பிடிக்காது. அடுத்த வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து வந்து படுக்கிறவர். அவர் தூக்கத்தைக் கெடுக்க நம் கோழிக்கு என்ன உரிமை? 2017 ஜனவரியில் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித்திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்துக் கொன்றது ஞாபகம் இருக்கிறதா? சத்தம் என்று வந்த புகார்களில் தொடங்கியது அது. பிறகு ஊரே வருத்தப்பட்டது, கோழிகள் திரும்பி வரவில்லை. புகார் போவதற்கு முன்பே வளர்ப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அக்கா போனாள். "சத்தம் கேட்டால் உடனே வாட்ஸ்அப் பண்ணுங்க அங்கிள்" என்று எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தாள். ஆரம்பத்தில் நிறைய செய்தி வந்தது. இப்போது எப்போதாவது ஒன்று வருகிறது.

மாமியார்தான் இன்னும் இறங்கி வரவில்லை. அந்தக் கோழியின் முட்டையைத் தொடமாட்டேன் என்கிறார். அவர் பங்கு இப்போது எனக்கு வருகிறது; நான் ஒன்றும் சொல்லவில்லை.