ஏற்காட்டு பங்களா மட்டும் போதாது
மாற்றுத்திறனாளிகள் இல்லம் தொடங்குவது பற்றிய கட்டுரையில், 'ஏற்காட்டில் குளுகுளுவென்று ஒரு பங்களா கிடைத்தால் மாற்றுத்திறனாளிகள் இல்லம் தொடங்கிவிடலாம்' என்று வரும் வரியை ஏற்க முடியவில்லை. என் தம்பிக்கு அறிவுசார் குறைபாட்டோடு வலிப்பும் உண்டு. ராத்திரி வலிப்பு வந்தால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும். மலைக்குக் கீழே, சேலம் டவுனில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சாதாரண வீடு என்றால் மருந்துக்கடை, டவுன் பஸ் எல்லாம் கிட்டத்திலேயே இருக்கும். தானே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம், அதை மலைமேல் தனி பங்களாவில் எப்படிக் கொடுப்பீர்கள்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்று வாங்காமல் இல்லம் நடத்தக் கூடாது என்பதையும் கட்டுரை சொல்லவே இல்லை. கட்டுரையின் கீழ் கருத்துப் பகுதியில், பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிப்பது பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: அறிவுசார் குறைபாடு உள்ள, 18 வயது தாண்டிய பிள்ளை என்றால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பியுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.