படிவத்தை இணையத்தில் ஏற்றினால் மட்டும் போதாது

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடியில் குடியிருந்துகொண்டு, வாவிக்கு அப்பால் மேற்குக் கரையான படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் குத்தகைக்கு வயல் செய்யும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வதிவிடம் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது, வயல் இன்னொரு பிரிவில் இருக்கிறது, காணிக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். உர மானியம், வெள்ள நட்டஈடு என்று ஏதாவது வரும்போது எந்தக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், காணி உறுதி வேண்டுமா, குத்தகை எழுத்து போதுமா என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நீண்டகாலம் பணியாற்றிய முகாமைத்துவ உதவியாளருக்குச் சுற்றுநிருபம் மனப்பாடம். எந்த வட்டையில், அதாவது எந்த வயல்வெளியில், எந்தத் துண்டை இந்தப் போகம் யார் விதைத்தார் என்பது அதை மேற்பார்க்கும் வட்டவிதானைக்குத் தெரியும். ஆனால் அவர்கள் இடமாற்றமோ ஓய்வோ பெற்றுப் போகும்போது அந்த அறிவும் அவர்களுடனேயே போய்விடுகிறது.

டிஜிட்டல் அரசாங்கம் பற்றிய நமது பேச்சில் நான் காணும் பெருங்குறை இதுதான். 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட கவ்பே (GovPay) தளத்தின் மூலம் அரச கட்டணங்களை இணையவழியாகச் செலுத்த முடிவது நல்ல முன்னேற்றம். எனினும் பணம் செலுத்துவது ஒரு சேவையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் நடக்கும் தீர்மானம் இன்னமும் மேசைக்கு மேசை நகர்கிறது. அதைத் தானியக்கமாக்க வேண்டுமானால், யார், எது, எந்த நிபந்தனையில், எந்தப் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு என்பதை மனிதரும் கணினியும் ஒன்றுபோல வாசிக்கக்கூடிய ஒரு மாதிரியாக (model) முதலில் எழுதியாக வேண்டும். வேலையின் ஓட்டத்தை வரைய 2011 இல் வெளிவந்த பிபிஎம்என் 2.0, தீர்மான விதிகளை அட்டவணையாக எழுத 2015 இல் வெளிவந்த டிஎம்என் என்று பொதுத் தரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கடினமான பகுதி, உரிமையாளர், பயிர்ச்செய்கையாளர், வதிவிடம், வயல் அமைவிடம் ஆகிய நான்கையும் எல்லாத் திணைக்களங்களும் ஒரே பொருளில் விளங்கிக்கொள்ளச் செய்வதுதான். இவற்றை ஒன்றாகக் குழப்பும் மென்பொருள், படுவான்கரையின் குத்தகை விவசாயியை நொடிப்பொழுதில் நிராகரித்துவிடும்.

எஸ்தோனியா 2001 இல் எக்ஸ்-ரோட் என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. ஒரே தரவைச் சேகரிக்கத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதை அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது. இங்கும் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாயக் காணி இடாப்பைப் பேணச் சொல்கிறது. அந்த இடாப்பை மற்றத் திணைக்களங்கள் நேரடியாகப் பார்க்க முடிந்தால், அதே விவரத்தை மக்கள் மீண்டும் மீண்டும் புகைப்படப் பிரதி எடுத்துச் சுமக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் வெள்ளத்தில் மூழ்கியது போன்ற வேளைகளில் அதன் அருமை புரியும்.

மாதிரியை எழுதும் மேசையில் வட்டவிதானைக்கும் கமக்காரர் அமைப்புக்கும் இடம் வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு இரு கரை வாழ்க்கையை ஊகித்து எழுத முடியாது. எழுதிய விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக இருக்க வேண்டும். முற்றிலும் தானியக்கமாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆகவே நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதி, எந்தப் பதிவேட்டின் எந்த விவரம் காரணமாயிற்று, யாரிடம் முறையிடலாம் என்பவை தமிழில் அச்சாகி வரவேண்டும் என்று இப்போதே கேட்போம்.